குர்திஸ்தான்: 92 சதவீத வாக்கு கிடைத்தும் நாடு கிடைக்காதது ஏன்?

2017 செப்டம்பர் 25 அன்று வடக்கு ஈராக்கில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வாக்குச்சீட்டில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அது குர்து, அரபு, துருக்மென், அசிரிய மொழிகள் நான்கிலும் அச்சிடப்பட்டிருந்தது. குர்திஸ்தான் வட்டாரமும், அதன் நிர்வாகத்துக்கு வெளியே உள்ள குர்திஸ்தானியப் பகுதிகளும் சுதந்திர நாடாக வேண்டுமா என்பதே கேள்வி. 72 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், அவர்களில் 92.73 சதவீதம் பேர் "ஆம்" என்றார்கள். சரியாக 21 நாட்கள் கழித்து, அந்தக் கனவின் பொருளாதார முதுகெலும்பாகக் கருதப்பட்ட கிர்குக் நகரம் குர்துகளின் கையை விட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அங்கிருந்து வரும் செய்திகள் வேறு தினுசாக இருக்கின்றன. அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நிறுத்தம், எண்ணெய்க் குழாய் மூடல், பாரிஸில் நடுவர் தீர்ப்பு, மீண்டும் குழாய் திறப்பு என்று அவை வருகின்றன. இவற்றுக்கும் பிரிவினைப் போராட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் குழம்புவது இயல்பு. தொடர்பு மிக நேரடியானது. துப்பாக்கியால் தீராத ஒரு வழக்கு, இப்போது சம்பளப் பட்டியலிலும் குழாயின் வால்விலும் நடந்துகொண்டிருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

யார், எங்கே, எதற்காக

குர்துகளின் எண்ணிக்கை 3 கோடியிலிருந்து 4 கோடி வரை என்று மதிப்பிடப்படுகிறது. துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளின் எல்லைகள் சந்திக்கும் மலைப்பகுதியே அவர்களது தாயகம். பெரும்பான்மையினர் சன்னி முஸ்லிம்கள். ஷியாக்களும், அலெவிகளும், யாசிதிகளும் அவர்களுக்குள் உண்டு. மொழியும் ஒரே வடிவில் இல்லை. துருக்கியில் பேசப்படும் குர்மாஞ்சி லத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. ஈராக்கின் சுலைமானியாவில் பேசப்படும் சொரானி அரபு எழுத்தை ஒட்டிய எழுத்தில் எழுதப்படுகிறது.

"குர்து பிரிவினைவாதம்" என்று ஒரே சொல்லில் செய்திகள் குறிப்பிட்டாலும், அதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கோரிக்கைகள் அடங்கியிருக்கின்றன.

1. தனிநாடு. ஐ.நா.வில் இருக்கையும் சொந்த எல்லையும் கொண்ட முழு இறையாண்மை.

2. கூட்டாட்சிக்குள் தன்னாட்சி. நாடு ஒன்றே, ஆனால் நாடாளுமன்றம், காவல், கல்வி, வருவாயில் பங்கு ஆகியவை தனியே. ஈராக்கில் சட்டப்படி இருப்பது இது.

3. எல்லையை மாற்றாமல் மொழியுரிமை, உள்ளாட்சி அதிகாரம், சம குடியுரிமை. துருக்கியில் 1978இல் தொடங்கி 1984இல் ஆயுதம் தூக்கிய குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி, தனிநாட்டில் ஆரம்பித்து காலப்போக்கில் இந்த நிலைக்கு இறங்கி வந்தது. சிறையிலிருக்கும் அதன் தலைவர் அப்துல்லா ஒஜலான் 2025 பிப்ரவரி 27 அன்று விடுத்த அழைப்பை ஏற்று, அதே ஆண்டு மே 12 அன்று அமைப்பையே கலைப்பதாக அது அறிவித்தது.

நான்கு நாடுகளில் நான்கு வரலாறுகள். இந்தக் கட்டுரை ஈராக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறது. குர்துகளின் ஆட்சியை ஒரு நாட்டின் அரசியல் சாசனமே பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட ஒரே இடம் அதுதான். அப்படி ஏற்றுக்கொண்ட பிறகும் தகராறு ஏன் ஓயவில்லை என்பதே இங்கே கேள்வி.

மலையும் எண்ணெயும் ஈராக்கோடு சேர்ந்த கதை

முதல் உலகப்போரில் உதுமானியப் பேரரசு தோற்றபின் 1920 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான செவ்ர் ஒப்பந்தம், குர்துகளுக்குத் தன்னாட்சியும், பின்னர் விரும்பினால் சுதந்திரமும் கிடைக்கலாம் என்று மூன்று விதிகளில் சொன்னது. துருக்கியத் தலைவர் முஸ்தபா கமாலின் படைகள் களத்தில் வென்றதால் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கே வரவில்லை. அதன் இடத்தில் 1923 ஜூலை 24 அன்று வந்த லோசான் ஒப்பந்தத்தில் குர்துகள் என்ற சொல்லே இல்லை.

மோசூல் மாகாணம் யாருக்கு என்பது மட்டும் தீராமல் நின்றது. 1925 டிசம்பரில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அதை பிரிட்டனின் பொறுப்பிலிருந்த ஈராக்குக்குக் கொடுத்தது. 1926இல் துருக்கியும் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில், கிர்குக்கை அடுத்த பாபா குர்குர் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. இனி எந்த பாக்தாத் அரசும் மனமுவந்து விட்டுக்கொடுக்க முடியாத நிலமாக அது மாறிவிட்டது.

1970 ஒப்பந்தம்: திரும்பத் திரும்ப வரும் ஒரு மாதிரி

குர்துத் தலைவர் முல்லா முஸ்தபா பார்சானி 1961இல் தொடங்கிய கிளர்ச்சி, ஒன்பது ஆண்டுகள் கழித்து 1970 மார்ச் 11 அன்று ஒரு தன்னாட்சி உடன்பாட்டில் முடிந்தது. பாக்தாத் தரப்பில் பேசியவர் அப்போது இளம் தலைவராக இருந்த சதாம் ஹுசைன். அவருடைய பாத் கட்சி ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம்; அதற்கு மூச்சு விட அவகாசம் தேவைப்பட்டது. கிர்குக் யாருக்கு என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவு செய்யும் என்று வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிர்குக் நகரத்தில் துருக்மென்களும், மாகாணம் முழுவதையும் எடுத்தால் குர்துகளும் பெரிய தொகுதியாக இருந்தார்கள். அந்த எண்களை மாற்றும் வேலை தொடங்கியது. குர்துகளும் துருக்மென்களும் வெளியேற்றப்பட்டார்கள். தெற்கிலிருந்து அரபுக் குடும்பங்கள் கொண்டுவந்து குடியேற்றப்பட்டன. சம்சமால், கலார் போன்ற குர்துப் பகுதிகள் வெட்டியெடுக்கப்பட்டு சுலைமானியாவோடு ஒட்டப்பட்டன. எஞ்சிய மாகாணத்துக்கு "தஃமீம்" என்று பெயர் மாற்றினார்கள். அரபியில் அதற்கு "தேசியமயமாக்கல்" என்று பொருள். 1972இல் எண்ணெய் நிறுவனம் அரசுடைமையானதன் நினைவாக வைத்த பெயர். ஒரு மாகாணத்துக்குக் கணக்குப் பேரேட்டிலிருந்து பெயர் எடுத்து வைத்தது, அந்த அரசு அதை எப்படிப் பார்த்தது என்பதை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகிறது.

1974இல் போர் மூண்டது. குர்துகளுக்கு ஆயுதம் கொடுத்துவந்த ஈரானின் ஷா, 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸில் சதாமோடு கைகுலுக்கி, ஷத் அல் அரபு ஆற்றின் எல்லையில் தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டு உதவியை நிறுத்தினார். கிளர்ச்சி சில நாட்களில் சரிந்தது. அந்தத் தோல்வியின் கசப்பிலிருந்து, அதே ஆண்டு ஜூன் மாதம் ஜலால் தாலபானி குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியத்தைத் தொடங்கினார். பார்சானி குடும்பத்தின் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சிக்கு இணையாக இரண்டாவது பெரிய கட்சி உருவானது அப்போதுதான். இந்தப் பிளவு பின்னால் மிகப் பெரிய விலை கேட்கும்.

பாக்தாத் பலவீனமாக இருக்கும்போது உடன்பாடு வரும். பலம் கூடியதும் உடன்பாடு காகிதமாகும். பலம் உச்சத்துக்குப் போனபோது நடந்ததுதான் 1988இன் அன்ஃபால் படுகொலை. கிராமம் கிராமமாக அழித்த அந்த நடவடிக்கையில் 50,000 முதல் 1,00,000 பேர் வரை கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் மதிப்பிட்டது; குர்துகள் சொல்லும் எண் 1,82,000. அதே ஆண்டு மார்ச் 16 அன்று ஹலப்ஜா நகரத்தின் மீது நச்சுவாயு வீசப்பட்டு ஏறத்தாழ 5,000 பேர் மாண்டார்கள். பாக்தாத்தின் எந்த உறுதிமொழியையும் குர்துகள் ஏன் இரண்டு முறை புரட்டிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

1991 வளைகுடாப் போருக்குப் பிறகு எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டு, லட்சக்கணக்கானோர் மலையேறி ஓடியபோது, மேற்கத்திய நாடுகள் வடக்கில் விமானத் தடை வலயத்தை ஏற்படுத்தின. அந்த அக்டோபரில் சதாம் தன் படைகளையும் நிர்வாகத்தையும் மூன்று குர்து மாகாணங்களிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டு, கூடவே ஊழியர் சம்பளத்தையும் நிறுத்தினார். சம்பளம் ஒரு போர்க்கருவியானது அன்றுதான்.

2005 சாசனம்: நான்கு விதிகள், நான்கு தகராறுகள்

சதாம் வீழ்ந்தபின் 2005 அக்டோபர் 15 அன்று மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட சாசனம், குர்துகளுக்கு அதுவரை கிடைக்காத அனைத்தையும் எழுத்தில் கொடுத்தது. அரபியோடு குர்து மொழியும் ஆட்சிமொழியானது. குடியரசுத் தலைவர் பதவி வழக்கப்படி குர்துகளுக்கு என்றானது. 2005 முதல் அப்பதவியில் குர்துகளே இருந்து வருகிறார்கள். 2017இல் பிரிந்துபோக வாக்களித்தபோது, பிரிந்துபோக நினைத்த நாட்டின் தலைவரும் ஒரு குர்துதான் என்பது கவனிக்கத்தக்க முரண். தகராறு தொடங்குவது கீழ்க்காணும் விதிகளில்.

1. விதி 117, குர்திஸ்தானைக் கூட்டாட்சி வட்டாரமாக அங்கீகரிக்கிறது. ஆனால் அதன் எல்லை எது என்று முடிவாகச் சொல்வதில்லை.

2. விதி 111, எண்ணெயும் எரிவாயுவும் எல்லா வட்டாரங்களிலும் மாகாணங்களிலும் உள்ள ஈராக் மக்கள் அனைவருக்கும் சொந்தம் என்கிறது.

3. விதி 112, "தற்போதுள்ள" வயல்களின் எண்ணெயை மத்திய அரசு, உற்பத்தி செய்யும் பகுதிகளோடு சேர்ந்து நிர்வகிக்கும் என்கிறது. அப்படியென்றால் புதிதாகக் கண்டுபிடிக்கும் வயல்கள் யாருடையவை? வட்டாரத்துடையவை என்றது எர்பில், அதாவது அந்நகரைத் தலைநகராகக் கொண்ட குர்திஸ்தான் வட்டார அரசு. விதி 115, மத்திய அரசுக்கு மட்டுமென்று ஒதுக்காத அதிகாரங்கள் வட்டாரத்துக்குரியவை என்பதையும் துணைக்கு அழைத்தது. அந்த ஒற்றைச் சொல்லை வைத்து அப்படியொரு முடிவுக்கு வர முடியாது என்றது பாக்தாத்.

4. விதி 140, கிர்குக் உள்ளிட்ட பிரச்சினைக்குரிய பகுதிகளில் முதலில் பழைய நிலையை மீட்டல், பிறகு கணக்கெடுப்பு, பிறகு வாக்கெடுப்பு என்று வரிசை வகுத்து, 2007 டிசம்பர் 31க்குள் முடிக்கச் சொன்னது. கெடு கடந்தது, எதுவும் முடியவில்லை.

1970இல் வராத கணக்கெடுப்பு 2007லும் வரவில்லை. ஒருவழியாக 2024 நவம்பரில் ஈராக் முழுவதும் கணக்கெடுப்பு நடந்தபோது, இனம் எது என்ற கேள்வி படிவத்திலேயே இல்லை.

குழாயின் இரு முனைகள்

எர்பில் 2007இல் சொந்த எண்ணெய்ச் சட்டம் இயற்றி, வெளிநாட்டு நிறுவனங்களோடு நேரடியாக ஒப்பந்தம் போடத் தொடங்கியது. கிணறு தோண்டுவது எளிது; எண்ணெயைக் கடலுக்குக் கொண்டுபோவதுதான் கடினம். குர்திஸ்தானுக்குக் கடற்கரை கிடையாது. ஆகவே தன் வயல்களிலிருந்து துருக்கி எல்லையோரம் உள்ள ஃபிஷ்காபூர் வரை சொந்தக் குழாய் போட்டு, அங்கே கிர்குக்கிலிருந்து மத்தியதரைக் கடலின் ஜெய்ஹான் துறைமுகம் வரை ஏற்கெனவே இருந்த குழாயோடு இணைத்துக்கொண்டது. 2014 மே மாதம் பாக்தாத்தைக் கேட்காமல் முதல் கப்பல் புறப்பட்டது.

அந்தப் பெரிய குழாய் 1973இல் ஈராக்கும் துருக்கியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் கீழ் இயங்குவது. 2010இல் திருத்தப்பட்ட அதன் விதிகளின்படி, அதில் வரும் எண்ணெயை ஈராக் அரசின் அறிவுறுத்தல்படிதான் ஏற்ற வேண்டும். இதைச் சுட்டிக்காட்டி பாக்தாத் பாரிஸில் உள்ள சர்வதேச வணிகச் சபையின் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. வழக்கு ஒன்பது ஆண்டுகள் இழுத்தது. 2023இல் வந்த தீர்ப்பு, 2014 முதல் 2018 வரையிலான ஏற்றுமதிக்காகத் துருக்கி சுமார் 150 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. மார்ச் 25 அன்று துருக்கி குழாயை மூடியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,50,000 பீப்பாய் அப்படியே நின்றது.

வழக்கில் எர்பில் ஒரு தரப்பே அல்ல. நஷ்டஈடு கட்டச் சொன்னது துருக்கியை, வென்றது ஈராக், வருமானத்தை இழந்தது குர்திஸ்தான்.

தனிநாடு கிடைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைப்பது அவசரம். தெற்கு சூடான் 2011இல் முறைப்படி நாடானது. அதன் குழாயும் பிரிந்துவந்த சூடான் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. கட்டணத் தகராறில் 2012 ஜனவரியில் அது தன் எண்ணெய் உற்பத்தியையே நிறுத்த வேண்டிவந்தது.

இரண்டு கட்சி, இரண்டு படை

குர்திஸ்தான் படையின் பெயர் பெஷ்மெர்கா. "மரணத்தை எதிர்கொள்பவர்" என்பது பொருள். பெயர் ஒன்று, படைகள் இரண்டு. ஜனநாயகக் கட்சியின் கீழ் 80ஆம் பிரிவும், தேசபக்த ஒன்றியத்தின் கீழ் 70ஆம் பிரிவும் தனித்தனியே இயங்கி வந்தன. 1994இல் இவ்விரு கட்சிகளும் ஒன்றோடொன்று போரிட்டன. 1996 ஆகஸ்ட் 31 அன்று, எர்பில் நகரத்தைத் தேசபக்த ஒன்றியத்திடமிருந்து பிடிக்க, ஜனநாயகக் கட்சி சதாமின் டாங்கிகளையே அழைத்தது. அன்ஃபால் முடிந்து எட்டே ஆண்டுகள்.

2014 ஜூனில் இஸ்லாமிய அரசு அமைப்பிடம் மோசூல் விழுந்து ஈராக் ராணுவம் ஓடியபோது, கிர்குக் கேட்பாரற்றுக் கிடந்தது. பெஷ்மெர்கா உள்ளே நுழைந்தது. விதி 140 பத்தாண்டில் செய்யாததை ஓர் இரவு செய்துவிட்டது. அந்தக் கையிருப்பை நிரந்தரமாக்கும் முயற்சியாகவே 2017 வாக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். வட்டாரத்தின் அதிபரும் முல்லா முஸ்தபாவின் மகனுமான மசூத் பார்சானியின் பதவிக்காலம் 2015லேயே முடிந்திருந்தும் அவர் பதவியில் தொடர்ந்தார் என்பதும், வாக்கெடுப்பு அந்தக் கேள்வியை அமுக்கியது என்பதும் உள்ளூரிலேயே பேசப்பட்ட விமர்சனம்.

எதிர்வினைகள் அடுக்கடுக்காக வந்தன. அமெரிக்கா முன்கூட்டியே தள்ளிவைக்கச் சொல்லியிருந்தது. பாக்தாத் எர்பிலுக்கும் சுலைமானியாவுக்கும் வரும் சர்வதேச விமானங்களைச் செப்டம்பர் 29 முதல் தடுத்தது. வால்வு எங்கள் கையில் இருக்கிறது என்று துருக்கி அதிபர் எர்டோகன் எச்சரித்தார். அக்டோபர் 3 அன்று தாலபானி இறந்தார். அவரது கட்சிக்குள் யார் சொல்லை யார் கேட்பது என்ற நிலை மேலும் கலங்கியது. அக்டோபர் 16 அன்று ஈராக் படைகள் கிர்குக்கை நோக்கி வந்தபோது, தேசபக்த ஒன்றியத்தின் ஒரு பிரிவு பாக்தாத்தோடு பேசிவைத்துக்கொண்டு பின்வாங்கியது. ஜனநாயகக் கட்சி இதைத் துரோகம் என்கிறது. மறுதரப்போ, தோற்கப்போகும் போரில் பிள்ளைகளைப் பலிகொடுக்காமல் காத்தோம் என்கிறது. எப்படியிருந்தாலும் விளைவு ஒன்றுதான். வட்டாரத்தின் எண்ணெய் ஏற்றுமதி ஏறத்தாழ பாதியானது. நவம்பர் 1 அன்று பார்சானி அதிபர் பதவியிலிருந்து இறங்கினார். நவம்பர் 20 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்பைச் செல்லாது என்றது.

சம்பளம் என்னும் கயிறு

2024 கணக்கெடுப்பின் முதற்கட்ட முடிவின்படி குர்திஸ்தான் வட்டாரத்தின் மக்கள்தொகை சுமார் 63.7 லட்சம். அங்கே ஊழியர், ஓய்வூதியர் எனப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசுப் பணத்தை நம்பியிருக்கிறார்கள். தனியார் தொழில் வளரவில்லை. கட்சிகள் ஆதரவாளர்களுக்கு வேலை போட்டுக்கொடுத்தே வளர்ந்தன. மாதக் கடைசியில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே அங்கே இறையாண்மையின் அளவுகோல்.

2005க்குப் பிறகு மத்திய பட்ஜெட்டில் வட்டாரத்தின் பங்கு 17 சதவீதம் என்று இருந்தது. தனி ஏற்றுமதியைக் கண்டித்து 2014 தொடக்கத்தில் பாக்தாத் பணத்தை நிறுத்தியது. அதே ஆண்டு எண்ணெய் விலையும் விழுந்தது. 2016இல் எர்பில் ஊழியர் சம்பளத்தில் 15 முதல் 75 சதவீதம் வரை பிடித்தது. அந்தப் பிடித்தத்துக்கு வைத்த பெயர் "பாஷகவ்த்". குர்து மொழியில் சேமிப்பு என்று பொருள். ஆசிரியர் கேட்காமலே அவர் பெயரில் அரசு சேமித்த இந்தப் பணத்தை எப்போது தருவீர்கள் என்று அங்கே வேலைநிறுத்தங்கள் நடந்திருக்கின்றன. சுதந்திரத்துக்கு 92 சதவீதம் வாக்களித்த அதே மக்கள்தான் இவர்கள்.

2018 பட்ஜெட்டில் பங்கு 12.67 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2024 கணக்கெடுப்பின் எண்களை வகுத்துப் பார்த்தால் மக்கள்தொகை விகிதம் 14 சதவீதத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஆக 17ம் சரியில்லை, 12.67ம் சரியில்லை. மேலும் இந்தப் பங்கு மொத்த பட்ஜெட்டிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. பாதுகாப்பு போன்ற மத்திய செலவுகளைக் கழித்தபின், உண்மையில் செலவான தொகையிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. எதைக் கழிப்பது, எது செலவு என்பதை முடிவு செய்வது பாக்தாத் நிதி அமைச்சகம்.

நீதிமன்றமும் அதே திசையில் நகர்ந்தது. 2022 பிப்ரவரி 15 அன்று, எர்பிலின் 2007 எண்ணெய்ச் சட்டம் சாசனத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரி 21 அன்று, குர்திஸ்தான் ஊழியர்களுக்குச் சம்பளத்தை மத்திய அரசே நேரடியாகச் செலுத்த வேண்டும் என்றது. இந்த இரண்டாவது தீர்ப்பைக் குர்து ஊழியர்களில் பலர் வரவேற்றார்கள் என்பதுதான் எர்பில் தலைவர்களை உண்மையில் கலங்கவைத்திருக்க வேண்டும். 2025 மே இறுதியில், ஆண்டுப் பங்கைத் தாண்டிவிட்டீர்கள் என்று சொல்லி நிதி அமைச்சகம் பணத்தை மீண்டும் நிறுத்தியது.

இரண்டரை ஆண்டு அடைப்புக்குப் பிறகு, 2025 செப்டம்பர் 27 அன்று குழாயில் எண்ணெய் மறுபடி ஓடியது. நிபந்தனைகளைப் பார்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியும். உள்ளூர்த் தேவைக்கு நாளொன்றுக்கு 50,000 பீப்பாயை வைத்துக்கொண்டு, குறைந்தது 2,30,000 பீப்பாயைச் சோமோ எனப்படும் ஈராக் அரசின் எண்ணெய் விற்பனை நிறுவனத்திடம் எர்பில் ஒப்படைக்க வேண்டும். எண்ணெயை விற்பது சோமோ. பணம் சேர்வது பாக்தாத்தில். பிறகு பட்ஜெட் வழியாகச் சம்பளமாகத் திரும்பி வர வேண்டும். 2014இல் முதல் கப்பல் எதைத் தாண்டிப் போக முயன்றதோ, அந்தச் சுற்றுக்குள்ளேயே எண்ணெய் திரும்பிவிட்டது.

இதற்கிடையில், 1973ஆம் ஆண்டுக் குழாய் ஒப்பந்தம் 2026 ஜூலை 27 உடன் முடிவுக்கு வருகிறது என்று 2025 ஜூலையில் துருக்கி அறிவித்தது. அதன் இடத்தில் எந்த ஒப்பந்தம் வந்தாலும் அதில் கையெழுத்திட வேண்டியவர்கள் அங்காராவும் பாக்தாத்தும்தான். எண்ணெய் எடுக்கும் எர்பிலுக்கு, 1973இல் போலவே, அந்த மேசையில் இருக்கை இல்லை.